தொடுவதற்குள் நகர்ந்த படம்

1.
இந்தக் கதை டோனட்டால் பிறந்தது. கப்பல் ஓடும் பெரிய ஏரியின் கரையில் உள்ள எங்கள் டுலூத் ஊர் நூலகத்தின் பழைய புகைப்படங்களைத் தேடும் புது இணையப் பக்கத்தைச் சோதிக்க ஆள் வேண்டியிருந்தது. வருபவர்களுக்கு டோனட் இலவசம் என்று வாசலில் எழுதிவைத்தேன். மீன்கடை ஆர்லீன் ஹாபலா வந்தார்.

(முதலில் ‘ஏரியின் மேல் மூடுபனி…’ என்றுதான் தொடங்கினேன். மூடுபனிக்கு இங்கே வேலையே இல்லை. இருந்தாலும் கிடக்கட்டும்.)

2.
பக்கத்தை வடிவமைத்தவள் என்னோடு வேலை செய்யும் பிரென்னா. பெயரின் எழுத்துகளைத் தட்டத் தட்டப் படங்கள் வந்து விழும். தேடல் பொத்தானே கிடையாது. அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான்.

இணையப் பக்கம் செய்யும் எங்கள் தொழிலில் ஒரு விதி: சோதிப்பவர் திண்டாடினாலும் வடிவமைத்தவர் வாய் திறக்கக் கூடாது.

“யாரைத் தேடப்போறீங்க?” என்றேன்.

“எந் தம்பி வெர்னைத்தான். கப்பல் வேலைக்குப் போனான், ஏரி வச்சுக்கிச்சு, திரும்பவே இல்ல. வீடு எரிஞ்சப்போ அவன் படமும் போச்சு. மொகமே மறந்துட்டு வருது.”

3.
ஆர்லீன் தன் கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டினார். மூன்றாம் எழுத்திலேயே திரை நிறையப் படங்கள்.

“அட! இவன்தான்! காதப் பாரு, அப்படியே எங்கப்பன் காது!”

தொட்டார். அதே நொடியில், தாமதமாக வந்த படங்கள் மேலே செருகிக்கொண்டன. பக்கம் குதித்தது. விரலுக்கடியில் யாரோ ஒரு மேயர். (நாங்கள் அலுவலகத்தின் வேகமான இணைப்பில் மட்டுமே சோதித்திருந்தோம். அங்கே அது குதித்ததே இல்லை.)

“எங்க போனான்மா?”

பிரென்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“மீன்கடைக்காரிகிட்டயே நழுவுறியா? வாடா!” ஆர்லீன் மறுபடி தட்டினார். மறுபடி குதித்தது. இப்போது அவர் சிரிக்கவில்லை.

4.
கதைக்கு முடிவு ஒன்று: பிரென்னா படத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கிறாள். நல்ல முடிவுதான். ஆனால் அடுத்து வருபவருக்கு அவள் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

முடிவு இரண்டு: பிரென்னா விதிப்படி மௌனமாக…

(சீ, வேண்டாம்.)

நடந்தது இது. பிரென்னா துள்ளி எழுந்தாள். “விதி கெடக்குது! ஆர்லீன், இன்னொரு டோனட் சாப்பிடுங்க, இதோ வந்துடறேன்!”

கணினிக்கு ஓடி, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, வரப்போகும் ஒவ்வொரு படத்துக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கினாள்; இனி தாமதமாக வருவது எதையும் தள்ளாது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

5.
ஆர்லீன் தட்டுகிறார். முதல் எழுத்து. இரண்டு. மூன்று.

பக்கம் அசையவில்லை. வெர்ன் அதே காதுகளோடு நிற்கிறான். விரல் இறங்குகிறது.

இனி நான் ஒரு வரி சேர்த்தாலும் எல்லாம் நகர்ந்துவிடும். வாசகரே, நீங்களும் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அவர் தொடட்டும்.