கடல் பார்த்த அறை

விடுதியின் முன்வாசல் படியில் கால் வைத்த அக்கா, வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டான் தம்பி.

"மெதுவா வா. கட்டடம் எங்கயும் ஓடிப் போயிடாது. நம்ம தாத்தனுக்கு முன்னாடியிலிருந்து இங்கேயேதான் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் பையை மறு தோளுக்கு மாற்றினான்.

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். மீசை வெளுத்தவன், பேரன் எடுத்தவன், வெல்டிங் பட்டறையில் நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் பாதியைத் தொலைத்தவன். அக்காவுக்கு மட்டும் இன்னும் தம்பி. அவளையும் ஊர் முழுக்க அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சித்தாளாகச் செங்கல் சுமந்த காலத்தில் அவளைவிட மூத்த கொத்தனார்கூட, "அக்கா, கலவை கொண்டா" என்பார். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அவர்களுடைய அம்மா இந்த விடுதியில் சலவைக்காரி. பிள்ளைகள் இரண்டு பேரும் பிறந்தது இங்கேதான். அம்மா போகும்போது அக்கா பாவாடை கட்டிய சிறுமி, தம்பி தவழ்கிற குழந்தை. வேலைக்கு வெளியே போன இடமெல்லாம் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே போனாள். கொஞ்சம் விவரம் வந்ததும் அவன் கேட்க ஆரம்பித்தான், அம்மா எப்படிச் செத்தாங்க என்று. ஒரு நாள் சொன்னாள்:

"மேல்மாடியில, கடல் பார்த்த ரூம்ல. வெள்ளை விரிப்பு போட்ட கட்டில்ல. முதலாளியம்மாவே வந்து தலையணையைச் சரி பண்ணி வெச்சாங்க. அம்மா கடலைப் பார்த்துக்கிட்டே கண்ணை மூடினாங்க."

அன்றைக்கு ராத்திரி பிள்ளை அழாமல் தூங்கினான். அப்புறம் தினமும் அதையே கேட்டான், அவளும் தினமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அறையில் ஒரு ஜன்னல் திரை வந்தது, ஒரு டம்ளர் பால் வந்தது, காற்று வந்தது. நடந்தது வேறு. அதை அவள் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. ஆனால் இத்தனை காலமாகச் சொல்லிச் சொல்லி அந்த அறை அவளுக்கே வேண்டியதாகிவிட்டது. ஒரு தடவையாவது மாடியேறி, அந்தக் கட்டிலில் தானே படுத்து, கடலைப் பார்த்துவிட்டால் சொன்னது அவ்வளவும் பொய்யாகாது என்று ஒரு கிறுக்கு நினைப்பு. தம்பி போன மாதம் வந்து, "அக்கா, நாம பொறந்த விடுதியில ஒரு நாள் தங்கப் போறோம். ரூம் போட்டாச்சு" என்றபோது அவள் வேறு எதுவுமே கேட்கவில்லை. கூட்டிப்போ என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே வரவேற்பு மேசையில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உங்க ரூமுக்கு இந்தப் பக்கம் வழி இல்லைங்க. வெளியே போய், பக்கவாட்டுல கீழ இறங்கணும். சலவைக்காரி அறை. எங்ககிட்ட எல்லாரும் அதைத்தான் கேட்டு வாங்குறாங்க. உங்களுக்குக் கிடைச்சதே பெரிசு."

அக்கா மாடிப்படியைப் பார்த்தாள். "மேல இல்லியாடா?"

"மேலயா? அம்மா செத்த மாடியில எப்படிக்கா தூக்கம் வரும்? எனக்கு வராதுப்பா. அவங்க வாழ்ந்த இடத்துல படுப்போம்." தம்பி குரலைத் தாழ்த்தினான். "போன் மேல போன் போட்டுப் பிடிச்ச ரூம் இது. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு வயித்துக்குள்ளேயே வெச்சிருந்தேன். எப்படி?"

அவள் வாயால் சொன்னது அவள் வாயையே அடைத்தது. "நல்லாத்தான் பண்ணியிருக்கே" என்றாள்.

பக்கவாட்டுப் படியில் அந்தக் காலத்தில் எப்போதும் சோப்புத் தண்ணீர் வழியும். ஈர மூட்டையோடு ஏறும்போது சுவரை ஒட்டித்தான் கால் வைக்க வேண்டும். இப்போது காய்ந்த படியிலும் அவள் கால் தானாகச் சுவரோரம் போனது.

உள்ளே பார்த்ததும் தம்பி, "அம்மாடி!" என்று வாயைப் பிளந்தான். துணி வேகவைத்த செப்புக் கொப்பரையைத் தங்கம் போலத் துலக்கி, அதில் காய்ந்த பூக்களைச் செருகி வைத்திருந்தார்கள். துணி அலசிய கல்தொட்டி குளிக்கிற தொட்டியாகியிருந்தது. இஸ்திரி போட்ட நீள மேசையில் இரண்டு பேருக்குத் தட்டு வைத்திருந்தது. மூலைக்கு மூலை கயிறு கட்டி, அழகுக்கு ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். என்னவோ வாசனைத் திரவியம் மணத்தது. அதற்கு அடியில் பழைய ஈரவாடை அப்படியே இருந்தது. அது அக்காவின் மூக்குக்கு மட்டும் தெரிந்தது.

கட்டிலைத்தான் அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். சரியாக அந்த மூலையில் போட்டிருந்தார்கள்.

தம்பி பொத்தென்று அதில் விழுந்தான். "என்னைப் பெத்துப் போட்ட இடத்துல எனக்கே மெத்தை விரிச்சிருக்கான் பாரு. ராஜா மாதிரி! அக்கா, இங்கதானே அம்மா நுரையைக் குவிச்சு எனக்கு வீடு கட்டிக் கொடுப்பாங்க?"

"ம்."

"இங்க நின்னுதானே பாடுவாங்க?"

"ம்."

"என்ன, எல்லாத்துக்கும் ம்முனு தலையாட்டுறே? வாய்ல கொழுக்கட்டையா? வா, கட்டில்ல உட்காரு. கடிக்காது."

"இடுப்புக்கு மெத்தை ஆகாதுடா" என்று அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க, ஒரு ராத்திரிதானே, பல்லைக் கடித்துக்கொண்டு கழித்துவிடலாம் என்று தோன்றியது. இதைவிடக் கனமானதையெல்லாம் சாரத்தில் ஏற்றியிருக்கிறாள்.

அந்த விடுதியில் ஒரு வழக்கம். சாயங்காலம் டீ முடிந்ததும் விடுதிக்காரம்மா வந்திருக்கிற விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கட்டடம் முழுக்கச் சுற்றிக் காட்டி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதை சொல்வாள். அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருவதே. முதலாளி வீட்டு மருமகள் அவள். நல்ல மனுஷி, சிரித்த முகம். கடைசியாகக் கீழே இறங்கி வந்து, "உங்க ரூமையும் இவங்களுக்குக் காட்டிக்கலாமா?" என்று கேட்டாள். பின்னால் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கையில் கேமராவோடு ஒரு பெரியவர்.

"தாராளமா வாங்க" என்று தம்பி தன் வீட்டுக்கு அழைப்பதுபோல எழுந்து நின்றான்.

விடுதிக்காரம்மா கொப்பரையில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு காலத்தில் இங்கே அழகான சலவைக்காரி ஒருத்தி இருந்தாளாம். மேல்மாடியில் தங்கிய கப்பல்காரன் ஒருவன் மேல் ஆசை வைத்தாளாம். திரும்பி வருகிறேன் என்று போனவன் வரவே இல்லையாம். ஒரு விடியற்காலையில் அவன் படுத்திருந்த விரிப்பைப் போர்த்திக்கொண்டு கடலுக்குள் நடந்து போய்விட்டாளாம். "இன்னிக்கும் சில ராத்திரி இங்க துணி அலசுற சத்தம் கேக்கும்னு சொல்றாங்க."

புதுப்பெண் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் முகம் கறுத்தது.

"நிறுத்துங்கம்மா. யாரு அந்தச் சலவைக்காரி? இங்க சலவை பண்ணினது எங்க அம்மா. கப்பல்காரன், கடலு, இதெல்லாம் யாரு கட்டிவிட்டது? எங்க அம்மா மேல, கடல் பார்த்த ரூம்ல, வெள்ளை விரிப்புல படுத்துக் கண்ணை மூடினாங்க. முதலாளியம்மாவே கூட இருந்தாங்க. இதோ எங்க அக்கா, கண்ணால பார்த்தவ. சொல்லுக்கா!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலை தானாக ஆடியது. எத்தனையோ வருஷம் ஆடிப் பழகிய தலை.

விடுதிக்காரம்மா நெஞ்சில் கை வைத்தாள். "அய்யோ, மன்னிச்சுக்கங்க. யாரோ சொன்னதை நானும் சொல்லிட்டிருந்தேன். என் மாமியாரோட மாமியார் அவ்வளவு நல்லவங்களா! வேலை செய்யிறவங்களைத் தன் வீட்டு மனுஷியா மாடியில படுக்க வெச்சுப் பார்த்துக்கிட்டாங்களா! எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதே." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே இதைத்தான் சொல்லப் போறேன். வாசல்ல ஒரு பலகையே எழுதி வெச்சிடுறேன், உங்கம்மா பேரையும் அவங்க பேரையும் போட்டு."

"கேட்டியாக்கா? அம்மாவுக்குப் பலகை வைக்கிறாங்களாம்!" தம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே தலை நரைத்த பிறகுதான். அழுகிற பிள்ளையின் காதில் சொன்னது அவனோடு போகும். பலகையில் எழுதியது அப்படிப் போகாது. வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று படிப்பான், முதலாளியம்மா எவ்வளவு நல்லவள் என்று. அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"பலகை வேண்டாம்மா."

"ஏங்க?"

"அப்படி நடக்கல."

தம்பி சிரித்தான். "அக்கா, என்ன உளறுறே?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது. "இந்தக் கட்டில் போட்டிருக்கீங்களே, இந்த மூலை. அழுக்கு மூட்டை மேல. அப்போ மழைக்காலம், விடுதி நிறைய ஆளுங்க. நாள் முழுக்கக் கொப்பரை ஆவியில நின்னு நின்னு அம்மாவுக்கு நெஞ்சு கட்டிப்போச்சு. மூச்சு இழுக்க முடியலன்னு நான் ஓடிப்போய் மாடிப்படியில நின்னு சொன்னேன். முதலாளியம்மா படியிலேயே நிறுத்திட்டாங்க. விரிப்பெல்லாம் முடிஞ்சுதான்னு கேட்டாங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள அடங்கிடுச்சு. மேல விருந்து நடக்குது, இப்போ எடுக்கக்கூடாதுன்னாங்க. இருட்டினப்புறம் அழுக்குத் துணி வண்டியில வெச்சு, மேல நாலு விரிப்பைப் போட்டு மூடிப் பின்பக்கமாத் தள்ளிட்டுப் போனாங்க. மறுநாள் அந்த விரிப்பைத் திருப்பிக் கேட்டு ஆள் விட்டாங்க."

பெரியவர் கேமராவைக் கீழே இறக்கினார். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. விடுதிக்காரம்மா, "எனக்குத் தெரியாதுங்க... சத்தியமாத் தெரியாது" என்றாள். பிறகு, "மேல கடல் பார்த்த ரூம் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. அங்க போய்ப் படுங்க, தயவுசெஞ்சு" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு படியேறினாள்.

தம்பி கட்டிலை விட்டு எழுந்து தள்ளி நின்றான், சுட்டதுபோல.

"என் பொண்ணு கேட்டப்போ நீ சொன்னதைத்தான் சொன்னேன்" என்றான். "பேரனுக்கும் சொன்னேன். பட்டறையில எவனாவது அம்மா செத்துட்டாங்கன்னு அழுதா, அவனுக்கும் சொல்லுவேன். எங்கம்மா எவ்வளவு நிம்மதியாப் போனாங்க தெரியுமான்னு."

"தெரியும்."

"என்னைக்காவது ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த வயசுல சொல்லணும்? நீயே சொல்லு."

தம்பி மேசைக்குப் போனான். சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "போ. நீ அந்த ரூமுக்குத்தானே வந்தே. மாடிப்படியைப் பார்த்ததை நானும் பார்த்தேன்."

அவள் ஒருத்தியாக மாடியேறினாள். யாரும் தடுக்கவில்லை. அறை அவள் சொன்ன மாதிரியே இருந்தது. வெள்ளை விரிப்பு, திரை, காற்று. ஜன்னல் முழுக்கக் கடல், வெயில் இறங்குகிற நேரத்துக் கடல். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தலையணையைத் தொட்டாள். காய்ந்து மொரமொரவென்று இருந்தது. ஓரமாக உட்காரப் போனவளுக்கு உடம்பு மடங்கவில்லை. நேற்று வரைக்கும் அந்தக் கட்டிலில் அம்மா இருந்தாள். இப்போது யாருமே இல்லை. யாரும் சாகாத கட்டிலில் அவளுக்கு என்ன வேலை? கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள்.

தம்பி விளக்குப் போடாமல் தரையில், அந்த மூலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கடல் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"அம்மா பாடினாங்கன்னது?"

"பாடல. மூச்சு விடவே பத்தல, பாட்டு எங்க?"

"நுரையில வீடு?"

"அது நான் கட்டினது."

அவன் கொஞ்ச நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தான். "என்னைத் தூக்கி வெச்சுக்கிட்டதாவது நடந்துச்சா?"

பழைய வாய் அவளுக்குத் தயாராகத்தான் இருந்தது. அதை அடக்கினாள்.

"அதிகமாத் தூக்கினது இல்ல. கை ரெண்டும் எப்பவும் சலவைச் சோடாத் தண்ணியில வெந்து கிடக்கும். உன் மேல பட்டா எரியும்னு தொடவே மாட்டாங்க. நான் உன்னைத் தூக்கிட்டு நிப்பேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் குனிஞ்சு, கன்னத்தை உன் கன்னத்துல வெச்சுக்குவாங்க. நீ சிரிக்கிற வரைக்கும் அப்படியே நிப்பாங்க. அப்புறம் கொப்பரைக்குப் போவாங்க."

தம்பி நிமிர்ந்தான். "நிஜமா?"

"நிஜமாடா."

"இதுவும் எனக்காகச் சொல்றதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். எத்தனை தரம் சொன்னாலும், அந்த வெள்ளை விரிப்பைச் சொன்ன அதே குரலில்தான் இதுவும் வரும். வேறு குரல் அவளிடம் இல்லை. பார்த்தவர்கள் என்று கூப்பிடவும் யாரும் மிச்சமில்லை.

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்து இடம் விட்டான்.