கிளிப்பச்சைப் பேண்ட்

பீரோவின் அடித்தட்டுக்குள் தலையை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள் கமலாத்தாள். வாசலில் புருஷனைக் கிடத்தியிருக்கிறது. பெண்டாட்டியோ துணிமணியைக் கலைத்துக்கொண்டிருக்கிறாள். ஒப்பாரி வைக்க வந்த முத்தாத்தாள் மூக்கைச் சிந்திக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "நகையத் தேடறாளாட்ட இருக்குது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அது கமலாத்தாள் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

விடியக்காலையில் தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போன ஆறுமுகசாமி, வாய்க்கால் ஓரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது சாகிற வயதா? இப்போது எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டியாகிவிட்டது. கோடி உடுத்துவதுதான் பாக்கி. கமலாத்தாளின் அண்ணன் கிட்டுசாமி கொண்டுவந்த புது வேட்டி, கவரைப் பிரிக்காமல் தலைமாட்டில் இருந்தது.

தேடியது கடைசியில் கிடைத்தது. பழைய ஜவுளிக்கடைப் பைக்குள், பாச்சை உருண்டை வாசனையோடு, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பேண்ட். இடுப்பில் எட்டு மடிப்பு. தொடையில் உப்பி, கணுக்காலில் வந்து சிறுத்துவிடும். அதை எடுத்து, அறைக்குள் வந்த அண்ணனிடம் நீட்டினாள்.

"இதப் போட்டு உடுங்ணா. மேல கோடியக் கட்டிக்கலாம்."

கிட்டுசாமி கையை நீட்டவில்லை. "உனக்குப் புத்தி பெரண்டு போச்சா அம்மிணி? ஊரே சிரிக்கும்."

"இதுவரைக்கும் சிரிக்காதவீங்க ஆருங்ணா இருக்கறாங்க?"

சிரித்தவர்களில் கிட்டுசாமியும் ஒருவர்.

கல்யாணமான மூன்றாம் மாதம் ஆறுமுகசாமி ஆசைப்பட்டுத் தைத்துக்கொண்டது அது. அப்போது சினிமாவில் கதாநாயகர்கள் எல்லாரும் இப்படித்தான் உப்பிக்கொண்டு ஆடினார்கள். போட்டுக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்து, "ராசாவாட்ட இருக்கறீங்க" என்றாள் கமலாத்தாள். பாவி மகள், அதோடு வாயை மூடியிருக்கலாம். "இதோடயே போங்க" என்று அவள்தான் அவரை வாய்க்கால் மேட்டுக்கு அனுப்பினாள். அங்கே சினிமாப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கூட்டத்தில் இவரை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். சும்மா நின்றால் போதும் என்றார்கள். இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

படம் வந்ததும் இருவரும் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். அதே பேண்ட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். திரையில் நகைச்சுவை நடிகர் இவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொடைத் துணியைப் பிடித்து உதறினார். "ஏண்டா, இதுக்குள்ள இன்னும் எத்தன பேருடா இருக்கீங்க? எல்லாரும் வெளிய வாங்கடா!" என்றார். படம் பிடித்த அன்றைக்கு இந்த வசனமே கிடையாது. பிறகு குரல் கொடுக்கும்போது சேர்த்துவிட்டார்கள்.

தியேட்டர் அதிர்ந்தது. கமலாத்தாளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. படம் விட்டு அவள் வெளியே வந்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தார். உள்ளே விட்டிருந்த சட்டையை வெளியே எடுத்து, முடிந்த மட்டும் கீழே இழுத்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் வெள்ளை வேட்டிதான். வேட்டி கட்டினால் மட்டும் விட்டார்களா? கோயில் நோன்பி ஆனாலும் சரி, பஞ்சாயத்து ஆபீஸ் ஆனாலும் சரி, இவர் தலை தெரிந்தால் எங்கிருந்தாவது "வெளிய வாங்கடா" என்று ஒரு குரல் வரும். அவர் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மகன் கோகுல்நாத் அறைக்குள் வந்தான். கொச்சியில் வேலை பார்க்கிறவன், கூட்டாளி ஜோமோனின் காரில் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்திருந்தான். அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தது. காலில் தொளதொளவென்று ஒரு கறுப்புப் பேண்ட்.

"என்னம்மா இது? அந்த சினிமாப் பேண்ட்டா?" என்றான். "அந்தக் காமெடி இப்ப எல்லாத்துப் போன்லயும் ஓடுதும்மா. அந்தக் காலத்து பேஷன்னு போடறாங்க. இது எங்கப்பான்னு ஆபீஸ்ல எல்லாத்துக்குங் காட்டுனேன்."

"உங்கொப்பங்கிட்டச் சொன்னயா?"

"இல்லீம்மா. சங்கடப்படுவாரோன்னு…"

கமலாத்தாள் மகனுடைய பேண்ட்டையே பார்த்தாள். போன மாதம் இதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான். ஆறுமுகசாமி அந்தத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "எத்தன மீட்டருடா?" என்று கேட்டார். ரெடிமேட் என்றான் மகன். "ஆரும் சிரிக்க மாட்டாங்களா?" என்றார். "எதுக்குப்பா சிரிக்கறாங்க? இப்ப எல்லாரும் இதானுங்ப்பா போடறாங்க" என்று சொல்லிவிட்டு அவன் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

"நீ பஸ் ஏறிப் போனீல்ல, அன்னைக்குச் சாயங்காலம்" என்றாள் கமலாத்தாள். "இத எடுத்து இடுப்புல வெச்சுட்டுக் கண்ணாடி முன்னால நின்னுட்டிருந்தாரு. நாங் காப்பி கொண்டுட்டு உள்ள வந்தேன்."

"செரி."

"நாஞ் சிரிச்சுப்போட்டேன்டா. வாயப் பொத்தறதுக்குள்ள வந்திருச்சு. ரெண்டாந்தரமா சிரிச்சேன். ஒரு வார்த்த சொல்லல. மடிச்சு உள்ள வெச்சுட்டாரு."

"குடும்மா" என்று கோகுல்நாத் கையை நீட்டிப் பேண்ட்டை வாங்கிக்கொண்டான்.

நாலு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். அவன் அப்பாவின் கால்விரல்களைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். உடம்பு விறைத்திருந்தது. இடுப்பும் அந்தக் காலத்து இடுப்பல்ல. கத்தரிக்கோல் கேட்டு வாங்கிப் பின்பக்கத் தையலை வெட்டினான். பழைய துணி என்பதால் சத்தத்தோடு கிழிந்தது. கிட்டுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் காலைத் தூக்கிப் பிடித்தவர் அவர்தான். அதற்கு மேலே கோடியைச் சுற்றிக் கட்டினார்கள்.

தூக்கும்போது மணி பன்னிரண்டு. பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். கமலாத்தாள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வைத்துக்கொண்டாள். எவனாவது ஒருத்தன் பல்லைக் காட்டட்டும், மூஞ்சியிலேயே வீசுவது என்று இருந்தாள்.

தை மாதத்துக் கிழக்குக் காற்று பாலக்காட்டுப் பக்கம் சும்மா இருக்காது. பாடை தோளேறி வாசலைத் தாண்டியதும் கோடி வேட்டியை ஒதுக்கித் தள்ளிவிட்டது. பச்சை தெரிந்தது. வெட்டிய தையல் வழியாகக் காற்று நுழைந்து இரண்டு தொடையும் கும்மென்று உப்பின. கமலாத்தாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முத்தாத்தாளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், வாய்க்கால் மேட்டுக்காரர்களைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அது என்னவென்றே ஞாபகமில்லை.

கார்ச் சாவியும் கையுமாகக் கமலாத்தாளுக்குக் கொஞ்சம் தள்ளி வேலியோரம் நின்ற ஜோமோன்தான் வாயைத் திறந்தான். அவனுக்கு ஒரு கதையும் தெரியாது. பாடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகக் கேட்டான்.

"அடிபொளி பேண்ட். எவிடந்நா வாங்ஙியது?"

கேட்ட பிறகுதான் அது எழவு வீடு என்று உறைத்ததுபோல உதட்டைக் கடித்துக்கொண்டான். அதில் கேலி இல்லை. பேண்ட் பிடித்துப்போய், எங்கே வாங்கியது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

கமலாத்தாள் கையிலிருந்த மண்ணைக் கீழே விட்டாள்.

"கோயமுத்தூர்ல தெச்சது தம்பி" என்றாள்.

அதற்குள் அவன் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கியிருந்தான். பாடை தென்னந்தோப்பு முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. முத்தாத்தாள் வந்து, வாசல் கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.