ஒட்டுக்கேட்கும் வண்டி

புது வண்டி முற்றத்தில் வந்து நின்ற அன்றைக்கே தாணுவுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. சுற்றி வந்து பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். சக்கரத்தைக் காலால் தட்டினார். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. அதுவே முதல் சந்தேகம்.

குறை கண்ணில் படாததற்கு வேறு காரணமும் உண்டு. அதை அவரும் அவர் மனைவி சரோஜமும் மட்டும்தான் அறிவார்கள். தாணுவின் இரண்டு கண்ணிலும் பாலாடை படிந்ததுபோல் மங்கல் விழுந்திருந்தது. பகலில் சமாளித்துவிடுவார். பொழுது சாய்ந்தால் எதிரே வரும் லாரி ஒரு நிழல்; அதன் விளக்கு ஒரு பெரிய பூசணிப்பூ. சரோஜம் காலையில் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விடுவாள்.

"டீச்சரம்மைக்கிட்ட உள்ளதச் சொல்லும்" என்பாள்.

"சொன்னா சாவிய வாங்கி வச்சுப்போடுவா. பின்னே நான் வீட்டில இருந்து உனக்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"எனக்க மொகம் இப்பம் தெரியுதாக்கும்?"

டீச்சரம்மா என்பது சத்தியபாய். பாறசாலையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டு அம்பாசிடரைத் தாணு ஓட்டத் தொடங்கியபோது இருவருக்குமே தலை கறுப்பு. குவைத்தில் இருக்கும் மகன் எலியா, தொண்ணூற்றேழாம் வருஷம், பழையதைக் கொடுத்துவிட்டு ஏசி வைத்த புது வண்டி வாங்கச் சொன்னான். ஓடியாடி வாங்கியது டீச்சரின் அண்ணன் மகன் ஜெயதாஸ். வண்டியோடு ஒரு யோசனையையும் கொண்டுவந்தான்.

"மாமி, புது வண்டிக்குப் புது டிரைவர் வேணும். பாலராமபுரத்தில எனக்குத் தெரிஞ்ச ஆளு உண்டு."

"தாணு ஓட்டட்டும், பாப்போம்" என்றார் டீச்சர்.

இந்த 'பாப்போம்' தாணுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. டீச்சர் பார்க்கத் தொடங்கினால் ஆபத்து. ஏனென்றால் அதுவரை அவர் பார்த்ததே இல்லை. வண்டி கேட்டைத் தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைப்பார். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் தொடங்குவார். போய்ச் சேர்ந்து தாணு ஹேண்ட்பிரேக்கை இழுக்கும் சத்தம் கேட்டால்தான் 'ஆமென்'. ஆகவே இத்தனை வருஷத்தில் தாணு எப்படி ஓட்டுகிறார் என்பது கர்த்தருக்கு மட்டுமே தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வண்டி தன் குணத்தைக் காட்டியது. எங்கள் ரோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமதரை கிடையாது, ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், மறுபடி ஏற்றம். பழைய டிரைவர்கள் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உருளவிடுவார்கள். பெட்ரோலைப் பிடித்துச் செலவழிப்பது அவர்களுக்கு ஒரு கௌரவம். அந்த அம்பாசிடரின் சாவி தேய்ந்து தேய்ந்து, ஓடும்போதே கையோடு வந்துவிடும். தாணு அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராஜாபோல் இறங்குவார்.

சர்ச்சுக்குப் போகும் இறக்கத்தில் புது வண்டியிலும் அதையே செய்தார். நியூட்ரல். சாவியைத் திருகினார், உருவினார், பையில் போட்டார். வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினார். அது திரும்பவில்லை. யாரோ மறுபக்கம் இருந்து பிடித்துக்கொண்டதுபோல் நின்றது. பிரேக்கை மிதித்தார், கல்லை மிதித்த மாதிரி இருந்தது. வண்டி நேராகப் போய், மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்துக்குள் நுழைந்து, கம்புகளைப் படபடவென்று சாய்த்து, மெதுவாக நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

"ஆமென்" என்று டீச்சர் கண் திறந்தார். நாலு பக்கமும் மரச்சீனி இலை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "தாணு, நாம சர்ச்சுக்குத்தானே வந்தோம்?"

விஷயம் தெரிந்து ஜெயதாஸ் வந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினான். "அண்ணாச்சி, சாவிய உருவினா ஸ்டியரிங் பூட்டிக்கிடும். கள்ளன் கொண்டு போவாம இருக்க."

"ஓடுற வண்டிய எந்தக் கள்ளன்டே கொண்டு போவான்? உள்ள இருந்தது நானாக்கும்!"

"அது வண்டிக்குத் தெரியாதுல்லா." பிறகு டீச்சரிடம் திரும்பினான். "மாமி, இனி ஒரு கீறல் விழுந்தா சாவி வேற ஆளுக்க கையில. நான் இப்பமே சொல்லியாச்சு."

டீச்சர் தலையை ஆட்டிவைத்தார். அன்று முதல் தாணு அந்த வண்டியை, தன்னைக் கள்ளன் என்று எண்ணும் ஒரு ஆளாகவே நடத்தினார். அதுவும் சும்மா இருக்கவில்லை. உதியன்குளங்கரையில் வலப்பக்கம் திரும்ப, பழைய வழக்கப்படி வெளியே கை நீட்டினார். ஏசிக்காக ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியில் விரல் நாலும் போய் இடித்தன. "வேணுமுண்ணுதான் ஏத்தி வச்சிருக்கு" என்று விரலை உதறிக்கொண்டார். ஏற்றியது அவரேதான்.

அடுத்து ஜெயதாஸ் வண்டியைத் திருவனந்தபுரம் கொண்டுபோய் ஒரு சாமான் மாட்டிக்கொண்டு வந்தான். என்னவென்று தாணுவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை தாணு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கதவு சரியாக அடைபடவில்லைபோல. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், நல்ல இனிமையான குரல், சொன்னது: "ப்ளீஸ் க்ளோஸ் த டோர்."

தாணு திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் ஆள் இல்லை. இறங்கி டிக்கியைத் திறந்து பார்த்தார். அவள் மறுபடி சொன்னாள். சத்தம் கேட்டு டீச்சர் வெளியே வந்தார்.

"கதவ அடைக்கச் சொல்லுதா, தாணு."

"ஆரு?"

"வண்டி."

"கதவு தொறந்து கெடக்குண்ணு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒரு ஒயர் உண்டு."

ஒயர் என்ற பதிலில் தாணுவுக்குத் திருப்தி இல்லை. கதவு திறந்திருப்பதைப் பார்க்கிறவள் ஓட்டுகிறவனின் கண்ணையும் பார்ப்பாள் அல்லவா? பார்த்ததை வாய் திறந்து சொல்லவும் தெரிந்திருக்கிறது. ஜெயதாஸ் எதற்காக இவளைக் கொண்டுவந்து உள்ளே வைத்தான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரமே ருசு கிடைத்தது. டீச்சருக்கு மீன் வாங்கப் பொழியூர் போய்த் திரும்பினார்; வண்டியில் வேறு யாரும் இல்லை. மறுநாள் ஜெயதாஸ் கேட்டான்: "அண்ணாச்சி, பொழியூர் ரோட்டில நடக்கியதவிடப் பையவாக்கும் போனியளாமே? பெறத்த வந்த பஸ்சுக்காரன் ஹார்ன் அடிச்சு அடிச்சு மடுத்துப்போனானாம்."

அந்த பஸ்ஸிலே ஜெயதாஸின் மைத்துனன் இருந்தான். அது தாணுவுக்குத் தெரியாது. அவர் நேரே வீட்டுக்குப் போய் சரோஜத்திடம் சொன்னார்: "எல்லாத்தையும் அவ சொல்லிக்குடுக்குதா."

சரோஜம் அகப்பையைக் கீழே வைத்தாள். "எவ?"

"வண்டியில இருக்கியவ."

"வண்டியில ஒருத்தி இருக்காளா? எந்த ஊருக்காரி?"

"இங்கிலீஷுக்காரி."

சரோஜம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணு தெரியாத காலத்தில உமக்கு இங்கிலீஷுக்காரி கேக்குதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு தாணு யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அவள் பேசுவது இங்கிலீஷ். டீச்சரம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியும். இரண்டு பேரும் தன் தலைக்கு மேலே பேசிக்கொண்டால் தனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. முதலில் குரல் வரும் இடத்தைத் தோளில் கிடந்த துவர்த்தால் மூடிப் பார்த்தார். அவள் துவர்த்துக்குள்ளிருந்தும் பேசினாள். பிறகு வழிக்குக் கொண்டுவரப் பார்த்தார். தினமும் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி முன்னால் சாத்தினார். கதவைத் திறக்கும் முன் ஒரு செருமல் செருமி அறிவித்துவிட்டே ஏறினார். நீங்கள் சிரிக்க வேண்டாம், மக்களே. வேலை போய்விடும் என்ற பயம் வந்தால் மனிதன் பூ வைக்காத இடம் கிடையாது.

அப்படியிருக்கையில் நெய்யாற்றின்கரையில் பெண்கள் சங்கக் கூட்டம் ஒன்று வந்தது. வெயில் இருக்கும்போதே திரும்பிவிடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் முடிவு ஜெபம் செய்ய எழுந்த அம்மாளுக்கு ஊரில் உள்ள வியாதிக்காரர் எல்லாரும் ஞாபகம் வந்துவிட்டார்கள். வண்டி புறப்படும்போது கடைகளில் விளக்குப் போட்டாகிவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், தலைப்பைப் போட்டார், கண்ணை மூடினார்.

ஆற்றுப் பாலம் தாண்டி அமரவிளை வந்தது. செக்போஸ்டுக்கு முன்னால் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கறுப்புத் தார்ப்பாய் மூடிய கடைசி லாரிக்குப் பின்விளக்கு இல்லை. தாணுவின் கண்ணுக்கு அது தார் ரோடு மேலே ஏறிப் போவதுபோல் தெரிந்தது. போய்க்கொண்டே இருந்தார். ஏதோ ஒரு கணத்தில் ரோட்டில் கயிறு தொங்குவதைக் கண்டார். ரோட்டில் எதற்குக் கயிறு? பிரேக்கில் ஏறி நின்றார். டயர் அலறியது. பிச்சிப்பூ சரிந்து அவர் மடியில் விழுந்தது. லாரியின் பின்பலகை வண்டியின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

பின்னால் சத்தமே இல்லை. ஜெபத்தில் இருந்தால் டீச்சருக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்பது தாணுவின் நம்பிக்கை. ஆனால் முன்னால் இருக்கிறவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவர் பூவை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, ரகசியமாகப் பேசினார்.

"மக்கா, நீ கண்டாச்சு. இல்லைண்ணு நான் சொல்லல்ல. எனக்குக் கண்ணு போச்சு. வெளக்கு வச்சா ஒண்ணும் தெரியல்ல. லாரிக்க முதுக ரோடுண்ணு நெனச்சுப்போட்டேன். டீச்சரம்மைக்கிட்ட சொல்லாண்டாம். இங்கிலீஷிலயும் சொல்லாண்டாம். ஜெயதாஸு கேட்டா வாயத் தொறக்காண்டாம். இந்த சாவி போனா எனக்குக் காலத்த எழும்பிப் போவ ஒரு எடம் இல்ல, மக்கா. உனக்கு என்ன வேணும், சொல்லு. பூ போராதா?"

"ஆமென்" என்றது பின்சீட்டு.

தாணு திரும்பிப் பார்த்தார். "ஹேண்ட்பிரேக் போடல்லியே, டீச்சரம்மா. வீடு வரல்ல."

"அது எனக்குத் தெரியும். ஓரம் சேத்து நிறுத்தும்."

நிறுத்தினார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி, முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறை. கதவு சரியாக அடைபடவில்லை.

"ப்ளீஸ் க்ளோஸ் த டோர்."

"ஓ, ஸாரி" என்று சொல்லிவிட்டு டீச்சர் கதவை இழுத்து அடைத்தார்.

தாணு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். பேசிவிட்டார்கள். தன் காதுக்கு முன்னாலேயே பேசிவிட்டார்கள். இவ்வளவு சின்னப் பேச்சுக்குள் எவ்வளவு சொல்லியிருப்பாளோ!

"பைய விடும், தாணு. எனக்கு அவசரம் இல்ல. அந்தா ஒரு சைக்கிள் போவுது, கண்டீரா?"

"கண்டேன்" என்றார் தாணு. காணவில்லை.

"இப்பம் வலப்பக்கம் மாடு."

"உண்டு, உண்டு."

வீடு வரைக்கும் டீச்சர் கண்ணை மூடவில்லை. அன்று அவர் ஜெபித்தாரா என்று கேட்டால், அதுபோல ஒருநாளும் ஜெபித்திருக்க மாட்டார்.

அந்த வாரம் வண்டி கேட்டைத் தாண்டவே இல்லை. பிறகு ஒரு நாள், வெயில் நன்றாக ஏறின பிறகு, "காரக்கோணம் ஆஸ்பத்திரிவரைக்கும் போவணும், கண்ணு காட்ட" என்றார். தாணு டீச்சரின் கண்ணுக்குத்தான் என்று நினைத்தார். டீச்சர் முன்சீட்டில் இருந்து வழியெல்லாம் ஆடு, கோழி, பள்ளிப்பிள்ளைகள் எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நர்ஸ் வந்து கூப்பிட்டாள்:

"தாணு!"

தாணு எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியே, வெளியே வேப்பமரத்தடியில் வெயிலில் மின்னும் வண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து டீச்சரின் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார்.

"அவ சொல்லிப்போட்டா, இல்லியா?"

பின்சீட்டில் இருந்து கேட்டேன் என்று சொன்னால் இந்த மனிதன் இனித் தன் முகத்தில் விழிக்க மாட்டான் என்று டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சொன்னா" என்றார். "உம்மப்பத்தி நல்லதும் சொன்னா. போய்க் கண்ணக் காட்டும்."

சாவியை எடுத்து அவர் கையிலேயே திணித்தார். "இது உம்மகிட்ட கெடக்கட்டும். கண்ணு செரியாவதுவரைக்கும் வண்டி ஷெட்டில கெடக்கும்."

அன்றைக்கு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தது, டீச்சர் ஃபோன் செய்து ஆஸ்பத்திரிக்கு வரவழைத்த ஜெயதாஸ். விஷயம் தெரிந்ததும் குதித்தான். "நான் அப்பளே சொன்னேன்லா மாமி? நாளைக்கே எனக்க ஆள வரச் சொல்லுதேன்."

"ஆரும் வராண்டாம்" என்றார் டீச்சர். "ஓப்பரேஷன் செய்தா கண்ணு தெளியுமுண்ணு டாக்டர் சொல்லியாச்சு."

"அதுவரைக்கும் சர்ச்சுக்கு?"

"பஸ்சு உண்டு. பஸ்சிலயும் கண்ணை மூடலாம்."

ஒவ்வொரு கண்ணாக இரண்டு ஆபரேஷனும் முடிந்து, மழைக்காலமும் போய், டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. கண்ணில் பச்சைத் துணி கட்டிய நாட்களிலும் தாணு காலையில் போய், தடவிக் கதவைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். பேட்டரி கெட்டுவிடக்கூடாதல்லவா? சரோஜம் கஞ்சி கொண்டுவந்தாள் ஒருநாள். "இங்கேரும், ஒரு காரியம் அறிஞ்சீரா, ஜெயதாஸுக்க..." என்று தொடங்கினாள்.

தாணு விரலை உதட்டில் வைத்தார். எஞ்சினை நிறுத்தினார். இறங்கிக் கதவை அழுத்தி அடைத்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து, மாட்டுத்தொழுவத்தையும் தாண்டி, கடைசித் தென்னைமரத்து மூட்டுக்குப் போனார். தலையைத் திருப்பி ஒருமுறை ஷெட்டுப் பக்கம் காது கொடுத்தார்.

"இப்பம் சொல்லு" என்றார். "பைய சொல்லு."