தும்பிக்கைக்கு உரியவர்

மழை நாட்களில் ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள அந்தச் சின்ன அருங்காட்சியகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நிரஞ்சனாவுக்குத் தோன்றும். கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தோனேசியாவின் யாவாத் தீவுக் குறுவாள், பதின்மூன்று வளைவுகளோடு, நீந்திப்போகிற பாம்பாகக் கிடந்தது. பிடிக்குக் கீழே, அலகின் அடியில், குட்டியாக ஒரு தும்பிக்கை சுருண்டிருந்தது.

தும்பிக்கையைக் கண்டபின் ஆளைக் கேட்கவும் வேண்டுமா? போன கிழமை விளக்க அட்டையில் ‘பிள்ளையார்’ என்று எழுதிவிட்டாள். எழுதும்போதே கை தானாகக் குட்டிக்கொள்ள நெற்றிக்குப் போனது.

பொறுப்பாளர் அன்னாவுக்கு ஒரேயொரு சட்டம்தான்: தெரியாததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடவேண்டும். நிரஞ்சனா போடவில்லை.

அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு இடம் ஒன்றுதான் இருந்தது. அது நிரஞ்சனாவுக்கா, கூட வேலை பழகும் யூலியாவுக்கா என்று அன்னா இன்றைக்குச் சொல்லப்போகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு இதைவிட்டால் வேறு கதவு இல்லை.

“என்ன பிள்ளை, உங்கட பிள்ளையார் யாவா வரைக்கும் போயிட்டாரோ?” காவலுக்கு நின்ற செல்வரட்ணம் அண்ணை கண்ணைச் சிமிட்டினார். “எங்கட மாதாவை அங்க காணேல்லையே!”

“சும்மா இருங்கோ அண்ணை.”

குறுவாளை இரவல் தந்த யாவாப் பெண் வூலான் குடையை உதறிக்கொண்டு வந்தாள். அட்டையை வாசித்ததும் புருவம் உயர்ந்தது.

“பிள்ளையாரா? யார் எழுதியது?”

அட்டையில் பெயர் இல்லை; போன கிழமை அட்டைகளில் பெரும்பாலானவை யூலியா எழுதியவை. அன்னாவின் பார்வை யூலியாமேல் போய் நின்றது. யூலியாவின் காது சிவந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும், இடம் தன்னுடையதாகிவிடும் என்று நிரஞ்சனாவுக்குத் தெரிந்தது. கூரையில் மழை நடந்தது.

“நான்தான்,” என்றாள். தன் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. “தும்பிக்கையை மட்டும் பார்த்தேன். மிச்சத்தை நானே நினைத்துக்கொண்டேன்.”

வூலான் சிரித்துவிட்டாள். “நாங்களும் இதை யானைத் தும்பிக்கை என்றுதான் சொல்லுவோம். கீழே இருப்பது யானை உதடு. ஆனால் யானை எங்கேயும் இல்லை! சிலர் இதைப் பயற்றம்பூ என்பார்கள்.”

அன்னா சிரிக்கவில்லை. வெற்று அட்டை ஒன்றை நிரஞ்சனாவிடம் நீட்டினாள்.

நிரஞ்சனா மெதுவாக எழுதினாள்: ‘தும்பிக்கை. சிலருக்குப் பயற்றம்பூ. உரியவர்: ?’

அந்தக் கேள்விக்குறியை அன்னா நெடுநேரம் பார்த்தாள்.

“திங்கட்கிழமை வா. உன்னுடைய அவுஸ்பில்டுங் விண்ணப்பத்தை நிரப்புவோம்.”

மற்றவர்கள் போனபின் கண்ணாடிக்குள் தும்பிக்கை லேசாக அசைந்ததுபோல இருந்தது. நிரஞ்சனாவின் கை மறுபடியும் நெற்றிக்குப் போனது. அண்ணை பார்க்கிறார் என்று கண்டதும், தலைமயிரை ஒதுக்குவதுபோலக் கையை மாற்றிக்கொண்டாள்.