சவப்பெட்டிச் சத்தியம்

நகத் துண்டு ஒன்றைக் காணவில்லை.

நிறைசூலியான பெய்லா அடுப்பருகே மண்டியிட்டு, பலகைத் தரையின் இடுக்குகளை விரல் நுனியால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். வெட்டிய நகத்தைக் கர்ப்பிணி மிதித்தால் கரு கலைந்துவிடும் என்பது போதுரெனி ஊரின் யூத வீடுகளில் தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டப்படும் பயம். வெட்டியதைப் பொறுக்கி நெருப்பில் போட்ட பிறகுதான் அந்த வீடுகளில் பெண்கள் மூச்சு விடுவார்கள். பெய்லாவோ ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள்.

"விட்டுத் தொலை பெய்லா. வயித்தப் புடிச்சிக்கிட்டு எதுக்குக் கெடந்து உருளுறே?" என்றான் ஸெலிக். அவன் முக்காலியில் அமர்ந்து, வெறும் பாதங்களைக் கணப்பின் பக்கம் நீட்டியிருந்தான்.

"உங்களுக்கென்ன. மிதிக்கப் போறது நானு."

"நான் பொணமாப் போறதுக்கு நகம் வெட்டியாச்சு. நெஜமாவே சாகுறப்ப இந்த வேலை மிச்சம். ரெண்டு சாவுக்கு ஒரே நகவெட்டு. நம்ம வீட்டுக்குக் கட்டுப்படியாகுற சாவு."

அவள் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ஜன்னல் கண்ணாடிகளை முதுகுச் சட்டத்தில் சுமந்து கிராமம் கிராமமாகத் திரிகிறவன் ஸெலிக்; கண்ணாடியை விட அவன் நகைச்சுவைக்குத்தான் கதவுகள் அதிகம் திறந்தன. இன்று அவன் சிரிப்பின் ஓரத்திலும் ஒரு விரிசல் தெரிந்தது.

கட்டிலின் மேல் வெள்ளை அங்கி ஒன்று விரித்துக் கிடந்தது. அவர்கள் திருமணத்துக்கு ஸெலிக்குக்கென்று பெய்லா தன் கையால் தைத்தது. மணநாளில் உடுத்தி, ஆண்டுக்கொரு முறை பாவமன்னிப்பு நோன்பன்று உடுத்தி, கடைசியில் அதையே உடுத்திக்கொண்டு மண்ணுக்குள் போக வேண்டும். இன்று நோன்பு நாளும் அல்ல, சாவு நாளும் அல்ல. இன்று சாட்சி சொல்லும் நாள்.

யூதன் ஒருவன் கிறிஸ்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டுமென்றால், நின்று கையுயர்த்திச் சொன்னால் போதாது. பிணத்துக்குச் செய்வதுபோல் நகம் வெட்டி, உடல் கழுவி, சவ உடை தரித்து, வெறுங்காலோடு தொழுகைக் கூடத்துக்கு வர வேண்டும். ஊர்ப் பிணங்களைச் சுமக்கும் பொதுப் பெட்டியில் மல்லாந்து படுக்க வேண்டும். பொய் சொன்னால் தன் குலம் அழியட்டும் என்ற சாபங்களை, தன் குருவின் வாயாலேயே, தன் தலைமேல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகே அவன் சொல் சொல்லாகும். மோல்தாவியச் சீமையில் அந்த நாளில் அதுதான் நீதி.

அறுவடை முடிந்த வாரத்தில் பண்ணையின் வைக்கோல் கொட்டகை எரிந்து சாம்பலானது. குடிபோதையில் கைவிளக்கைக் கவிழ்த்தவன் பண்ணைக் காரியஸ்தன் நெகுலாய். நிலப்பிரபுவுக்குத் தெரிந்தால் அவன் வேலை போகும். எனவே மாடு கறக்கும் சாஃப்தா என்ற பதினாறு வயதுக் கிறிஸ்தவப் பெண்மேல் பழியைப் போட்டான். அந்தி மங்கும் நேரத்தில் கொட்டகைக்கு எதிர்வீட்டு ஜன்னல் சட்டத்தில் ஏறி நின்று வேலை செய்த ஸெலிக்கைத் தவிர வேறெவரும் விளக்கு கவிழ்ந்ததைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு நமக்கு என்ன ஒறவா?" பெய்லா தரையை விட்டு எழாமலே கேட்டாள். "நம்ம பிள்ளைங்க போனப்ப ஒருத்தியாவது வாசல்ல வந்து நின்னாளா? அவளுக்காக என் வயித்துல இருக்கறதுமேல சாபத்தை வாங்கிக்கிட்டு வரப் போறீங்க."

"பொய் சொன்னாத்தான் சாபம் பலிக்கும்."

"சாபத்துக்கு அதெல்லாம் தெரியுமா? அதுக்குக் காது இருக்கு, கண்ணு இருக்கா?"

கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவர் ரப்பி யேகீல். ஊரின் குரு, குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

"ஸெலிக், வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கெணத்துல போட்டுடறேன். என்னைப் புடிச்சிக்கிட்டுப் போனாப் போகட்டும்."

"நீங்க பூட்டினா சாஃப்தா ஜெயிலுக்குள்ள போவா, ரப்பி."

"நான் தொறந்தா நாம அத்தனை பேரும் பெட்டிக்குள்ள போறோம். இன்னிக்கு நீ. நாளைக்குத் தையக்காரன். நாளன்னிக்கு உன் புள்ளை."

"இருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணை விலங்கு மாட்டி இழுத்துக்கிட்டுப் போனப்ப நான் ஏறி நின்ன ஜன்னலைத்தான் அண்ணாந்து பாத்தா. நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரியும். ஊருல எத்தனை வீட்டுக்குக் கண்ணாடி மாட்டுறேன்? இனிமே எந்த ஜன்னல்ல நிமிர்ந்து நிப்பேன்?"

ரப்பி அந்த வெள்ளை அங்கியை ஒருமுறை பார்த்தார். பிறகு தொழுகைக் கூடத்தைத் திறக்கப் போனார். பெய்லா தேடுவதை நிறுத்தவில்லை.

தொழுகைக் கூடத்து முற்றம் சந்தையாக மாறியிருந்தது. பண்ணைக் கூலிகள், சாராயக் கடைக்காரன், தோளில் குழந்தைகளோடு தகப்பன்கள் எல்லோரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பியபடி காத்திருந்தனர். வெள்ளை அங்கியில் வெறுங்காலோடு ஸெலிக் வந்தபோது கூட்டம் வழிவிட்டது.

"யோவ் கண்ணாடிக்காரா, மேல போறதுதான் போற, சொர்க்கத்து ஜன்னலுக்கெல்லாம் அளவெடுத்துக்கிட்டு வா."

"எடுத்தாச்சுப்பா. உன் பக்கம் மட்டும் செவுருதான் இருக்கு," என்றான் ஸெலிக், நடையை நிறுத்தாமல். சிலர் சிரித்தனர். கேலி செய்தவன் துப்பினான்.

வாசலில் இரண்டு காவலர்களுக்கு நடுவே சாஃப்தா நின்றாள். காலில் செருப்பில்லை. விலங்கு பெரிய ஆண்களுக்கென்று அடிக்கப்பட்டது. நழுவி விழாமலிருக்க மணிக்கட்டை உயர்த்தியே பிடித்திருந்தாள். பெண்களுக்கான மாடத்துக்கு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த பெய்லா, படியின் திருப்பத்தில் நின்று அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். தன் மூத்தவள் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகளில் இந்த உயரம் வந்திருப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பின்மேல் அவளுக்கே கோபம் வந்தது.

நெகுலாய் முதல் நாளே, நீதிமன்றத்தில், சத்தியம் செய்து முடித்திருந்தான். சிலுவையை முத்தமிட்டான், மீசையைத் துடைத்துக்கொண்டான், "அந்தப் பொண்ணுதான் கொளுத்துனா" என்றான். முத்தமிட்ட உதட்டின் ஈரம் காய்வதற்குள் பொய் சொல்லி முடித்தான். அவனுக்கு எந்தப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை. அவனுடைய பாட்டன் பேரைச் சொல்லி எவரும் அவனைச் சபிக்கவில்லை. பொய்யனுக்கு நாற்காலி, மெய்யனுக்குச் சவப்பெட்டி! இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு நெருடலும் தோன்றவில்லை என்பதுதான் அதன் பயங்கரம்.

பெட்டிக்குள் கால் வைக்குமுன் ஸெலிக், பக்கத்தில் நின்ற நீதிமன்ற எழுத்தனைக் கேட்டான். "ஐயா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்களுக்கு மட்டும் எதுக்கு இது?"

எழுத்தன் கெட்டவன் அல்ல. பெட்டியின் விளிம்பில் ஆணி குத்தாதபடி தன் கையாலேயே தடவிப் பார்த்தவன். "எங்க தாத்தா காலத்துலேருந்து நடக்குதுப்பா. காரணம் இல்லாமலா வச்சிருப்பாங்க?" என்றான் இரக்கத்தோடு.

வழக்கம் அவமானத்தைப் பெற்றெடுத்தது. அவமானம் சந்தேகத்தைப் பெற்றெடுத்தது. வளர்ந்த சந்தேகம் தன் பாட்டியாகிய வழக்கத்துக்கே காவல் நின்றது. அந்தக் குடும்பத்தின் வரலாறு அவ்வளவுதான்.

ஸெலிக் படுத்தான். பெய்லாவின் தகப்பனைச் சுமந்துபோன அதே பெட்டி. அவர் குட்டையானவர், ஸெலிக்குக்கு முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. கறுப்பு மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. வேதத் திருச்சுருள்களின் பேழை திறக்கப்பட்டது. சாட்சி கேட்க வந்திருந்த நீதிபதி கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு தலையசைத்தார். ரப்பி யேகீல் படிக்கத் தொடங்கினார்.

"பொய் சொன்னால் இவன் கை உலரட்டும். இவன் வாசலில் புல் முளைக்கட்டும். இவன் பெயரைச் சொல்ல ஒருவனும் மிஞ்சாதிருக்கட்டும்."

"சத்தமா," என்றார் நீதிபதி.

"இவன் மனைவி சுமக்கும் கரு..."

ரப்பியின் குரல் நின்றது. அவர் தலை தானாக மாடத்தை நோக்கி உயர்ந்தது. மரச் சட்டத்தின் பின்னால், வயிற்றின்மேல் ஒரு கை வைத்து நின்றாள் பெய்லா. விதை கொறிக்கும் ஒலியும் நின்றது.

"படியுங்க," என்றார் நீதிபதி.

அந்த வரி படிக்கப்படாவிட்டால் சத்தியம் செல்லாது. சத்தியம் செல்லாவிட்டால் விலங்கு கழலாது. கூடம் முழுவதும் இது தெரிந்திருந்தது. பெட்டிக்குள் கிடந்தவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"படிங்க ரப்பி," என்றது மேலிருந்து ஒரு குரல். உரத்த குரலல்ல. அடுக்களையிலிருந்து உப்பு கேட்பது போன்ற குரல். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எம்புருஷன் பொய் சொல்லமாட்டாரு. எனக்கென்ன பயம்?"

பயம் இருந்தது. மரச் சட்டத்தைப் பற்றியிருந்த மறுகை விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆனால் அது கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

ரப்பி படித்தார். முழுவதையும் படித்தார். பின்பு பெட்டிக்குள்ளிருந்து, கூரையைப் பார்த்தபடியே, ஸெலிக் சாட்சி சொன்னான்.

"கண்ணாடி வழியாப் பாத்தேன்னு சொன்னா, அழுக்குக் கண்ணாடி, கோணல் கண்ணாடின்னு சொல்லுவீங்க. நான் கண்ணாடி மாட்டாத ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். நெகுலாய் கையிலதான் வெளக்கு இருந்துச்சு. அவன்தான் தடுக்கி விழுந்தான். இந்தப் பொண்ணு கொளத்துலேருந்து வாளி வாளியாத் தண்ணி கொண்டாந்து ஊத்துனா."

சாஃப்தா விடுவிக்கப்பட்டாள். சிலுவையை முத்தமிட்டுப் பொய் சொன்ன நெகுலாயைப் பற்றி, அன்று அந்தி இருட்டில் அவன் பார்வை பிசகியிருக்கலாம் என்று நீதிபதி பெருந்தன்மையோடு கருதினார். கூட்டம் கலைந்தது. பெட்டியிலிருந்து எழ ஸெலிக்குக் கால் வரவில்லை. மடக்கிய முழங்கால் மரத்துவிட்டது. ரப்பியும் எழுத்தனும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில், சாஃப்தாவின் தாய் வசில்கா பெய்லாவின் வீட்டுக்கு வந்தாள். கையில் இலை சுற்றிய ஆட்டுப் பால்கட்டி. வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். அந்த யூதத் தெருவில் கிறிஸ்தவர்கள் வாசற்படியைத் தாண்டும் பழக்கம் இல்லை.

"உள்ள வா வசில்கா," என்றாள் பெய்லா. அவள் ஜன்னலருகே மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கட்டும்க்கா, கால்ல சேறு. இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். எம்பொண்ணு உசுரு உங்களால வந்தது." வசில்காவின் கண்கள் நிறைந்தன, அந்த ஈரத்தில் பொய்யில்லை. "ராத்திரியெல்லாம் நெனச்சிப் பாக்கறேன். அந்தப் பெட்டி மட்டும் இல்லேன்னா எங்க கதி என்னத்துக்கு ஆகியிருக்கும்? அதைக் கண்டுபிடிச்ச மகராசன் நல்லா இருக்கணும்."

ஊசி நின்றது. "பெட்டி பேசலியே வசில்கா. எம்புருஷன்தானே பேசுனாரு."

"பேசுனாரு, பேசுனாரு, இல்லேங்கல. ஆனா உங்காளுங்க வாயிலேருந்து நெஜத்தை வரவழைக்கறது லேசா? பெட்டி, வத்தி, சாபம்னு எவ்வளவு செய்ய வேண்டியிருக்கு. கண்ணால பாத்தேனே. தப்பா எடுத்துக்காதே. உம்புருஷன் நல்ல மனுஷன்."

"நெகுலாய் சிலுவையை முத்தம் குடுத்துட்டுப் பொய் சொன்னானே. அவனை எந்தப் பெட்டியில படுக்கவச்சாங்க?"

"அது அவன் புத்தி." வசில்கா உதட்டைச் சுழித்தாள். "அவன் ஒருத்தன் கெட்டவன்னா, அதுக்காக எங்க சனமே கெட்டதாயிடுமா?"

பெய்லா அவளையே பார்த்தாள். வசில்காவின் முகம் வெள்ளந்தியாக இருந்தது. தன் வாயிலிருந்து வந்த கேள்வி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னொண்ணும் கேக்கணும்க்கா," என்றாள் வசில்கா, குரலைத் தாழ்த்தி. "எங்கண்ணனுக்கு ஒரு வரப்புத் தகராறு. உங்க தையக்காரரு பாத்தாராம். அவரையும் ஒருதரம் படுக்கச் சொல்லி, உம்புருஷன் எடுத்துச் சொன்னா..." பேச்சை நிறுத்திப் பெய்லாவின் மடியைக் கூர்ந்து பார்த்தாள். "என்ன தைக்கிறே? இது அந்த அங்கியில்ல?"

"அதேதான். பொறக்கப் போற புள்ளைக்குச் சட்டை வெட்டுறேன். ரெண்டு சட்டைக்கு வரும்."

வசில்கா சட்டென்று சிலுவைக் குறியிட்டுக்கொண்டாள். "அடிப்பாவி. அது சாபம் விழுந்த துணியாச்சே. அதையா பச்சப்புள்ளை மேல போடுவே?"

"சாபம் பொய்க்குத்தானே விழுந்துச்சு. இதை உடுத்திக்கிட்டவரு நெஜத்தைத்தானே சொன்னாரு." பெய்லா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்கண்ணன்கிட்ட போயிச் சொல்லு. தையக்காரரு பாத்ததை, நின்னபடிக்குக் கேட்டா நின்னபடிக்குச் சொல்லுவாரு. கூடத்துச் சாவி இனிமே யாருக்கும் கெடைக்காது, ரப்பி சொல்லிட்டாரு. எம்புருஷனுக்கோ இனிமே சவத்துணியும் இல்ல. அடுத்தவாட்டி கூப்பிட்டா, உசுரோட இருக்கற மனுஷனாத்தான் வருவாரு. கேக்கறதுன்னா கேக்கட்டும்."

வசில்கா பால்கட்டியைப் படியில் வைத்துவிட்டு, சேற்றில் இறங்கி நடந்தாள்.

பெய்லா அங்கியின் தையல் நைந்த கீழ்மடிப்பைப் பிரித்தாள். மடிப்பிலிருந்து எதுவோ நழுவித் தரையில் விழுந்தது. அன்று காணாமற்போன நகத் துண்டு. காய்ந்து, வளைந்து, அரிசி நுனியளவுக்குக் கிடந்தது. அடுப்பில் நெருப்பு இருந்தது, குனிந்தால் எடுத்துவிடலாம்.

குனியவில்லை. வயிற்றைத் தாங்கி எழுந்து, வெறுங்காலால் அதன் மேலேயே நடந்து போய், படியிலிருந்த பால்கட்டியை உள்ளே எடுத்து வைத்தாள்.