பச்சை நூல் சீவாளி

கச்சேரிக்கு அரை மணி நேரம் இருக்கையில் கெசீனே கழிவறையிலிருந்து திரும்பினாள். குவளைத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்த அவளுடைய ஊதுகுழலின் நாணல் சீவாளிக்கு நுனி இல்லை. யாரோ கத்தியால் நேராக நறுக்கியிருந்தார்கள்.

பிரேமன் நகர இசைக்குழுவில், ஓபோ என்ற அந்தக் குழலுக்கான முதல் நாற்காலியில் அவளுக்கு இது சோதனை வருடம். இன்றைய கச்சேரி முடிந்ததும் சக வாத்தியக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தால் ஆயுளுக்கும் அந்த நாற்காலி, தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அடி ஸ்வரத்தை மூச்சு விடுவதுபோல் மெல்ல எடுத்துக்கொடுக்கும் சீவாளி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சீவி, ஊதிப் பார்த்து, மறுபடி சீவி, விரலெல்லாம் கிழிந்து தேறியது அது. மற்றதெல்லாம் தகரக் குரல்.

அறையில் இருந்தது இரண்டாம் ஓபோ ஃபோல்க்மார் மட்டும். அதே நாற்காலிக்கு வருடக்கணக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவன். அவன் கத்தியில் ஈர நாணல் துணுக்கு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் கனமா இருந்துச்சும்மா. சரி பண்ணிக் கொடுத்தேன்," என்றான், தன் சீவாளியைக் கடைவாயில் அதக்கிக்கொண்டே. ஓபோக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

அந்த வாயிலேயே குத்தினாள். சீவாளியின் பித்தளைக் குழல் உதட்டைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவன் அவள் கூந்தலைப் பிடித்துத் தலையை இரும்பு அலமாரியில் மோதினான், ஒருமுறை, இன்னொருமுறை. அவள் அவனுடைய முழங்காலில் உதைத்தாள். அவன் சரிந்ததும் விலாவிலும் உதைத்தாள். நன்றாக இருந்தது.

"இனிமே நீ எப்படிடா ஊதுவ? ஊது பாப்போம்!"

அவனுடைய சீவாளிப் பெட்டியைத் திறந்து பச்சை நூல் கட்டிய சீவாளியை எடுத்தாள்.

"அதத் தொடாதடி!" என்று அலறினான். உதடு போனபோதுகூட அவன் அப்படி அலறவில்லை.

மேடையில் அவள்தான் எல்லோருக்கும் சுருதி கொடுத்தாள். முடிக்குள் ரத்தம் பிசுபிசுத்தது. அடி ஸ்வரம் வந்தது. எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் வந்தது. தன் ஆயுளில் இப்படியொரு சீவாளியைச் செய்ய முடியாது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துபோனது. வயிறு எரிந்தது.

ஓட்டில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. குழுத் தலைவர் அவள் கையைக் குலுக்கினார். "இந்த நாதத்துக்குத்தான் ஓட்டுப் போட்டோம். இனி தினமும் இதுதான் வேணும்."

பின்வாசலில் ஃபோல்க்மார் நின்றிருந்தான். உதட்டில் தையல். படியில் விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கச்சேரியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். உண்மையைச் சொன்னால் நறுக்கிய கதையும் வெளியே வந்துவிடும்.

"அது பத்து நாள் தாங்கும்," என்றான் வாயைத் திறக்காமல். "செத்ததும் என் வீட்டுக்கு வா. கெஞ்சிக் கேளு. செஞ்சு தரேன்."

கெசீனே மறுபடி குத்த முஷ்டியை மடக்கினாள். பிறகு விரல்களைப் பிரித்து, வீடு எந்தத் தெருவில் என்று கேட்டாள்.