இனிக்காத பால்

பால் ஆலையில் அத்தையின் நாக்குக்குத் தனி மரியாதை. சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்று போகும் பாலில் நொதி கலப்பது அவள் வேலை. நொதி பால்சர்க்கரையை இரண்டாக உடைத்துவிடும். உடைந்த சர்க்கரைக்குத் தித்திப்பு அதிகம். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் தலையாட்டினால்தான் லாரி கிளம்பும். பழுதான சோதனைக் கருவியைச் சரிசெய்ய யாருக்கும் மனசு வரவில்லை. ஓசியில் ஒரு நாக்கு இருக்கிறதே!

அன்று காலை மேலாளர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார்.

"காய்ச்சின பால் ஆறினது போதும், நொதிய ஊத்துங்கக்கா. மத்தியானம் லாரி வந்துடும்."

தொட்டியைத் தொட்டாள், சுட்டது. சூடு பட்டால் நொதி செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஊற்றினாள். மத்தியானம், தொண்டைக் கரகரப்புக்காக மென்றுகொண்டிருந்த நெல்லிக்காயைத் துப்பிவிட்டுப் பாலைக் குடித்துப் பார்த்தாள். நன்றாகவே தித்தித்தது. அப்பாடா என்று தலையாட்டினாள். சுருட்டைக்கும் ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டாள்.

சுருட்டை, தம்பி மகள். போன மாதம் வயிற்றுப்போக்கில் துவண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். குடலின் உள்தோல் புண்ணாகி, பால்சர்க்கரையை உடைக்கும் நொதியே அங்கு சுரக்கவில்லை. "இன்னொரு தடவை போச்சுன்னா உடம்பு தாங்காது" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் அந்தப் பிள்ளை பாதி டம்ளரில் முகம் சுளித்தது.

"நல்லாவே இல்ல அத்தை."

"வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு! ஒரு சொட்டு விடாம குடி."

குடித்துவிட்டு, சுருட்டை வாயைத் துடைத்துக்கொண்டது. "நீ எப்பவும் கொண்டு வர்றது இனிக்கும். இது இனிக்கவே இல்ல."

அத்தை பாக்கெட்டில் மிச்சமிருந்ததை வாயில் விட்டுப் பார்த்தாள். வெறும் பால். அப்படியானால் மத்தியானம் இனித்தது எது? கை தானாகப் பைக்குள் போய் இன்னொரு நெல்லிக்காயைத் தொட்டது. நெல்லிக்காய் தின்ற வாய்க்குப் பச்சைத் தண்ணீர்கூட இனிக்குமே!

மேலாளருக்குப் போன் போட்டாள். "இன்னிக்குப் பால யாருக்கும் குடுக்க வேணாம், நிறுத்துங்க!"

"எதை நிறுத்தறது? எல்லா வீட்டுக்கும் போயாச்சேக்கா."

உடையாத சர்க்கரை இந்நேரம் குடலில் இறங்கிக்கொண்டிருக்கும். உடம்பின் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிருமிகள் அதைத் தின்று வாயுவைக் கிளப்பும். தம்பியைக் கத்திக் கூப்பிட்டாள், வண்டியை எடுக்கச் சொன்னாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இந்தக் கையால்தானே குடிக்க வைத்தோம்!

"அத்தை," என்றது சுருட்டை, அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டு. "வயித்துக்குள்ள என்னமோ உருளுது."